மச்சான் வைத்த குழாய்

அடுத்தவன் வயலைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. அடுத்தவன் மாடி வீட்டைப் பார்த்து, அவன் பிள்ளை வாங்கிய மார்க்கைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் உண்டு. நான் ஒரு தண்ணீர்க் குழாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். சரியாகச் சொன்னால் நான்கு குழாய்கள். எவர்சில்வர். குமிழை அமுக்கினால் சில்லென்று தண்ணீர் கொட்டும். அவற்றைப் பார்த்து மூன்று வருஷம் எனக்கு வயிறு எரிந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பல்லும் பாதி போன பிறகு இனி யாரிடம் மானத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். எங்கள் ஊர் என்று சொல்வது பழக்கத்தால்தான். நான் திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக்காரன். இங்கே கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்து வந்தேன். வந்த இடத்தில் பெண் கொடுத்தார்கள், தங்கிவிட்டேன். கோயில் என்றால் மாதா கோயில். சாலையை ஒட்டி அதன் மதில். மதிலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வாய்க்கால், வாய்க்காலைத் தாண்டி வயல். ஊரில் எல்லோருக்கும் என் மனைவியைத் தெரியும், அவள் பிறந்து வளர்ந்த ஊர். என்னை யாராவது வெளியாளுக்கு அறிமுகம் செய்தால் அவள் வீட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். பத்து வருஷம் பாடம் நடத்திய பிறகும் அப்படித்தான்.

ஆவணி பிறந்து சில நாளில் இந்தச் சாலை காவி நிறமாகிவிடும். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடந்து போகிறவர்கள் கரூர், சேலம், திண்டுக்கல் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். காவி வேட்டி, காவிச் சேலை, தோளில் ஒரு பை, வெடித்த பாதம். முன்னால் ஒரு சின்னச் சப்பரத்தில் மாதாவை வைத்துத் தள்ளிக்கொண்டு, ஒலிபெருக்கியில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வருவார்கள். கல்யாணமான முதல் வருஷமே நான் அவர்களுக்காக வாய்க்கால் ஓரத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டேன். கீற்றுக் கொட்டகை, ஆற்று மணல் பரப்பி அதன்மேல் ஐந்து மண்பானை, பானையைச் சுற்றி ஈரத்துணி. வெட்டிவேர் ஒரு கட்டு. கோயில் கிணற்றிலிருந்து நான் குடம் குடமாகச் சுமப்பேன். அவள் சொம்பில் மொண்டு ஊற்றுவாள்.

அந்தப் பத்து நாளில்தான் நான் அவளுக்குப் புருஷனாக இருந்தேன் என்று சொன்னால் மிகையாகத் தெரியும். ஆனாலும் உண்மை. மற்ற நாட்களில் எங்கள் பேச்சு அரிசி தீர்ந்தது, கேஸ் வரவில்லை, உங்க சட்டைப் பட்டன் அறுந்துபோச்சு என்பதோடு முடியும். பந்தலில் அவள் வேறு ஆள். கையேந்திக் குடிக்கிறவர்களின் முகத்தைப் பார்த்து ஊற்றும் வேகத்தைக் கூட்டுவாள், குறைப்பாள். இடையிடையே என்னைத் திரும்பிப் பார்த்து, "என்னங்க, மூணாவது பானை அடி தட்டுது, ஓடுங்க" என்பாள். நான் ஓடுவேன். திரும்பி வரும்போது, "வாத்தியாருக்கு மூச்சு வாங்குது, இவருக்கு மொதல்ல ஒரு சொம்பு ஊத்தணும்" என்று நடைப்பயணிகளிடம் என்னைக் காட்டிச் சிரிப்பாள். முன்பின் தெரியாத நாற்பது பேர் முன்னால் என் பெண்டாட்டி என்னைக் கேலி செய்வது எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவளுக்குக்கூடத் தெரியாது. வருஷம் முழுக்க அந்தப் பத்து நாளுக்காகக் காத்திருப்பேன்.

பிறகு பாக்கெட் தண்ணீர் வந்தது. முதலில் பஸ் ஸ்டாண்டில், அப்புறம் பெட்டிக்கடையில், அப்புறம் தண்ணீர்ப் பந்தல்களிலேயே. அடுத்தடுத்த ஊர்களில் பானையைத் தூக்கிப் போட்டுவிட்டு மூட்டை மூட்டையாகப் பாக்கெட்டை இறக்கிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நடக்கிறவர்கள் பல்லால் கடித்து, உறிஞ்சி, அப்படியே எறிந்துவிட்டுப் போவார்கள். வேளாங்கண்ணி வரைக்கும் சாலையின் இரண்டு பக்கமும் பாக்கெட் தோல். அது பறந்து வாய்க்காலில் விழும், மிதந்து போய் மதகை அடைக்கும். ஆற்றில் தண்ணீர் வந்து, சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டிருக்கும் நேரம். எங்கள் பந்தலுக்குப் பின்னால் வயல் வைத்திருந்தவர் மதகில் இறங்கி, கை நிறையப் பிளாஸ்டிக்கை அள்ளிக் கரையில் போட்டுக்கொண்டே, "மாதா கோயிலுக்கு நடந்து போறாங்க சார். போற வழில நம்ம வாயில மண்ணைப் போட்டுட்டுப் போறாங்க" என்பார். நான் மண்பானையை விடவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

அந்த நேரத்தில்தான், ஒரு திருவிழாவுக்குச் சில வாரம் முன்னால், மச்சான் லீவில் வந்தார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், உடன்பிறந்தது அவர் ஒருவர்தான். சிங்கப்பூரில் ஏ.சி. மெக்கானிக். போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. மாமனார் முன்பே காலமாகிவிட்டார். மாமியார் எங்களோடுதான் இருந்து, எங்கள் வீட்டில்தான் கண்ணை மூடினார். அந்தச் சாவுக்கு மச்சான் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து ஒரு நாள் ஆகியிருந்தது. லீவு கிடைக்கவில்லை, பாவம். அதற்காக நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். குறை சொல்ல எனக்கு வேறு நிறைய இருந்தது. அவர் வந்தால் வீட்டில் ஒரு வாசனை வரும். பெட்டியைத் திறந்தால் சோப்பு, சாக்லேட், தைலம், பூப்போட்ட போர்வை. என் மனைவி அந்தப் பெட்டியின் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, இது என்னண்ணே" என்று சின்னப் பெண்ணாகிவிடுவாள். எனக்கு ஒரு டி-சர்ட் வரும். ஒவ்வொரு தடவையும் அது ஒரு அளவு பெரிதாக இருக்கும். நான் இன்னும் வளர வேண்டும் என்று அவர் நினைத்தாரோ என்னவோ.

அந்த முறை அவர் போன வருஷத்துப் பாக்கெட் குப்பையைப் பார்த்தார். மதகடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து சொன்னார்: "மாப்ள, நான் இருக்கற ஊர்ல எவனும் தண்ணி பாட்டில் வாங்கறதே கம்மி. பார்க்குல, ஸ்டேஷன்ல, எங்க பாத்தாலும் குழாய் வச்சிருக்கான். கையில இருக்கற பாட்டில ரொப்பிக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கான். அதே மாதிரி ஒண்ணு நம்ம கோயில் வாசல்ல வச்சுட்டா?"

நல்ல யோசனை என்று எனக்கு உடனே தெரிந்தது. அதனால்தான் எரிச்சலாக இருந்தது. பத்து வருஷம் தண்ணீர் சுமந்த எனக்குத் தோன்றாதது, பத்து நிமிஷம் மதகைப் பார்த்தவருக்குத் தோன்றிவிட்டது. "கரண்ட் நின்னா என்ன பண்ணுவீங்க மச்சான்?" என்று கேட்டேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். மேலே ஒரு தொட்டி, கரண்ட் இல்லாவிட்டால் சில்லென்று வராது, ஆனால் வரும். என் மனைவி என்னைப் பார்த்து, "நல்லது பண்ணும்போது குறுக்க பேசாதீங்க" என்றாள்.

ஒற்றை ஆளாகப் பட்டுக்கோட்டையிலிருந்து எவர்சில்வர் வேலை செய்கிறவரை அழைத்துவந்து, தானே கூட நின்று வடிகட்டி பொருத்தி, குளிரூட்டி பொருத்தி, கோயில் மதிலை ஒட்டி அதை நிறுவிவிட்டார். மேலே ஒரு பலகை: பாட்டிலை வீசாதீர், நிரப்பிச் செல்வீர். பங்குச் சாமியார் வந்து மந்திரித்தார். கிறிஸ்தவர்கள் நாங்கள் எது புதிதாக வந்தாலும் மந்திரிப்போம். வீடு, மோட்டார் சைக்கிள், டிராக்டர், போர் போட்ட மோட்டார், எல்லாவற்றுக்கும் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிக்க வேண்டும். குழாய்க்கும் தெளித்தார். மச்சான் முதல் குமிழை அமுக்கினார். தண்ணீர் வந்தது. ஊரே கைதட்டியது. பிறகு எல்லோர் முன்னாலும் என் மனைவியின் தோளைத் தொட்டு, "இனிமே இத நீதாம்மா பாத்துக்கணும்" என்றார். அவள் தலையாட்டினாள்.

அன்று ராத்திரியே மச்சான் சிங்கப்பூர் கிளம்பிவிட்டார். மறுநாள் நடைப்பயணிகள் வர ஆரம்பித்ததிலிருந்து அவள் குழாயடியில் நின்றாள். நான் எதிர்ப்பக்கம், வாய்க்கால் ஓரத்தில், ஐந்து பானையோடு.

இதை எப்படிச் சொல்வது. நடந்து வருகிறவர்கள் என் பந்தலைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒரு அடி இந்தப் பக்கம் எடுத்து வைப்பார்கள். அப்போது எதிரே எவர்சில்வர் வெயிலில் பளபளவென்று மின்னும். எடுத்து வைத்த காலை அப்படியே திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். அங்கே என் பெண்டாட்டி, "அமுக்குங்க, நல்லா அமுக்குங்க, பாட்டிலக் கீழ புடிங்க" என்று சொல்லிக்கொடுப்பாள். ஒவ்வொருவரும் பாட்டிலை நிரப்பி, ஒரு வாய் குடித்து, ஐயோ என்ன சில்லுன்னு இருக்கு என்பார்கள். எனக்கு இங்கே கேட்கும். என் பானைத் தண்ணீரும் சில்லென்றுதான் இருந்தது. யாராவது குடித்தால்தானே தெரியும். மத்தியானம் வரை சேர்ந்தாற்போல் பத்துப் பேர்கூட வரவில்லை. நானே மொண்டு மொண்டு குடித்தேன். முதல் இரண்டு நாளில் நான் குடித்த தண்ணீரை ஒரு வயலுக்கே பாய்ச்சியிருக்கலாம்.

மச்சானைப் பற்றி என் மனதில் ஓடியதை எல்லாம் எழுதினால் இந்தக் காகிதம் அழுகிவிடும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவள் அங்கே சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அல்ல. அவளுக்கு நான் தேவைப்படவில்லை, குடம் தேவைப்படவில்லை, மூச்சு வாங்க ஓடி வருகிற ஆள் தேவைப்படவில்லை. அவள் அண்ணன் எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டே என் பத்து நாளையும் எடுத்துக்கொண்டுவிட்டார். நல்ல காரியம் செய்து எடுத்துக்கொண்டதால் நான் சண்டைகூடப் போட முடியவில்லை.

மூன்றாம் நாள் சேலம் பக்கத்து ஆள் ஒருவர் என் பந்தலில் பையை இறக்கி வைத்தார். வயதானவர். குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயில் மதில், பளபளக்கிற தொட்டி, பக்கத்தில் பக்தியாக நிற்கும் ஒரு பெண். "ஏங்க சார், அது மந்திரிச்ச தண்ணிங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். குடிக்கிற தண்ணீர், வடிகட்டியது, நீங்களும் போய் நிரப்பிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லும் பிள்ளைகளை முட்டி போட வைக்கிறவன் நான். "சாமியாரே வந்து மந்திரிச்சதுதாங்க" என்றேன்.

அவர் எழுந்தார். செருப்பைக் கழற்றினார். சாலையைக் கடந்து போய், குமிழை ஒரு விரலால் மெதுவாக அமுக்கி, இரண்டு சொட்டு நெற்றியில் வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பின்னால் வந்த கூட்டம் அதைப் பார்த்தது. ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். தீர்த்தத்தை யாரும் தாகத்துக்குக் குடிக்க மாட்டார்கள் இல்லையா. தலையில் தெளித்துக்கொண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, தாகத்துக்கு என் பந்தலுக்கு வந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஐந்து பானையும் காலி. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்று நினைத்தால் கூசுகிறது, ஆனால் அது சந்தோஷம்தான்.

அடுத்த வருஷம் அது என் கையை மீறிவிட்டது. தண்ணீர் தேடி வருகிறவர்கள் போய், தீர்த்தம் தேடி வருகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். தீர்த்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும், அக்கம்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே எச்சில் பட்ட பாட்டிலில் பிடிக்கலாமா? கூடாது. எனவே பெட்டிக்கடையில் விரல் நீளத்துக்குப் புதுப் பிளாஸ்டிக் பாட்டில், மாதா உருவத்தில், நீல மூடியோடு வந்து இறங்கியது. ஆளுக்கு ஐந்து, பத்து. கையிலிருந்த பழைய பாட்டில் இடைஞ்சல் என்று மதிலடியில் போட்டுவிட்டுப் போனார்கள். பாட்டிலை வீசாதீர் என்ற பலகையின் கீழேயே அது குவிந்தது. குழாயின் மேல் மெழுகுதிரி ஏற்றினார்கள். மெழுகு வழிந்து வடிகாலை அடைத்தது. நீல மூடிகள் வாய்க்காலில் மிதந்துபோய் மதகில் சிக்கின. வயல்காரர் மறுபடி இறங்கினார். மூடிகளை அள்ளிக் கரையில் கொட்டிவிட்டுப் போனார். பாக்கெட் காலமே தேவலை என்று அவர் முகம் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இது குடிக்கிற தண்ணி. யாரோ தீர்த்தம்னு கிளப்பி விட்டுட்டாங்க. ஒரு நல்ல மனுஷன் கஷ்டப்பட்டு செஞ்சத நாசம் பண்ணிட்டாங்க. அது யாருன்னு மாதாவுக்குத் தெரியும்." நான் முன் வரிசையில் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தேன். பெண்கள் பக்கம் என் மனைவி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அண்ணன் செய்த நல்லதை எவனோ கெடுத்துவிட்டானே என்று மனம் வெந்துபோயிருக்கிறாள் என்று நினைத்தேன். அந்த எவனோ நான்தான் என்று தெரிந்தால் அவள் என் முகத்தில் விழிப்பாளா? பத்து நாள் போனது போகட்டும், மீதி முந்நூற்று ஐம்பத்தைந்து நாளும் போய்விடும். அந்தப் பயம் எனக்கு மாதாமேல் இருந்த பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

எங்கள் ஊர்ச் சாமியாரிடம் இதைப் பாவசங்கீர்த்தனம் செய்ய முடியாது. குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். சங்கடமான பாவத்துக்கு எல்லோரும் வெளியூர்க் கோயிலுக்குத்தான் போவார்கள். நானும் பள்ளி விடுமுறையில் தஞ்சாவூர் போய், முன்பின் தெரியாத ஒரு வயதான சாமியாரின் காதில் சொன்னேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் கேட்டார்.

"எத்தன தடவ சொன்னீங்க?"

"ஒரே தடவதான் சாமி."

"அப்பறம் கேட்டவங்களுக்கு?"

"கேக்கறதுக்கு முன்னாடி மொகத்தத் திருப்பிக்குவேன்."

அவர் இருமினாரா சிரித்தாரா தெரியவில்லை. "ஜெபம் சொல்லித் தீக்கற பாவம் இல்ல இது. வர்ற திருவிழாவுக்குப் பந்தல் போடாதீங்க. அந்தக் குழாயடில போயி நில்லுங்க. வர்றவங்க ஒவ்வொருத்தர்ட்டயும், இது சாதாத் தண்ணி, குடிங்கன்னு சொல்லுங்க. அதான் உங்களுக்கு அபராதம்."

ஐம்பது தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொல்லியிருந்தால் பஸ்ஸிலேயே முடித்திருப்பேன்.

மூன்றாம் வருஷம் பந்தல் போடவில்லை. காலையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, மச்சானின் குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றேன். என் மனைவி ஓரமாக நகர்ந்து இடம் கொடுத்தாள். முதல் கூட்டம் வந்தது. "இது சாதாத் தண்ணிங்க, தீர்த்தம் இல்ல, குடிங்க" என்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு போய்த் தலையில் தெளித்துக்கொண்டார்கள். குரலை உயர்த்தினேன். ஒருவர் தோழரிடம், "சார் வேற சபை போல, மாதா நம்பிக்கை கெடையாது" என்றார். இன்னொருவர், "சும்மா இருங்க சார், ரெண்டு வருஷமா எங்க ஊர்க்காரங்களுக்கு இதுல எத்தன புதுமை, எத்தன அற்புதம் நடந்திருக்கு தெரியுமா" என்று கோபித்துக்கொண்டார். ஒரு அம்மாள் என்னை இரக்கத்தோடு பார்த்து, கை நிறையப் பிடித்து என் தலையிலேயே தெளித்து, எனக்கு விசுவாசம் வர வேண்டும் என்று ஒரு ஜெபம் சொன்னாள். பத்து வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், வேதபாடம் நடத்தியவன் நான். வேட்டியில் சொட்டச் சொட்ட நின்றேன். காலையிலிருந்து உச்சி வெயில் வரை என் பேச்சை நம்பி ஒரு ஆள் குடிக்கவில்லை.

மத்தியானம் கூட்டம் கோயில் மண்டபத்தில் சோற்றுக்குப் போனது. சாலை வெறிச்சோடியது. என் மனைவி துண்டை எடுத்து நீட்டினாள்.

"எதுக்குங்க இப்படி நின்னு தொண்டத்தண்ணி வத்த கத்திக்கிட்டிருக்கீங்க?"

இனி மறைக்கத் தெம்பில்லை. "நாந்தான் கிளப்பி விட்டேன். மொத வருஷம், மூணா நாளு. ஒருத்தரு மந்திரிச்ச தண்ணியான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன். உங்க அண்ணன் மேல இருந்த பொறாமைல சொல்லிட்டேன்."

அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூணா நாளா?" என்றாள்.

"ஆமா."

"நான் மொத நாளே சொல்லிட்டேன்."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். மச்சான் முதல் குமிழை அமுக்கி, எல்லோரும் கைதட்டிக் கலைந்துகொண்டிருந்தபோதே ஒரு பெண் இவளிடம் வந்து அதே கேள்வியைக் கேட்டிருக்கிறாள். இவளும் ஆமாம் என்றிருக்கிறாள். மறுநாள் கேட்டவர்களிடமும். அடுத்த வருஷமும். என்னை மாதிரி ஒரு தடவை அல்ல, கேட்டவர்கள் எல்லோரிடமும். இரண்டு வருஷம் தூக்கத்தைக் கெடுத்த என் பாவத்தில்கூட நான் முதல் ஆள் இல்லை என்று தெரிந்ததும், உண்மையைச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

"நீ ஏன் சொன்ன?" என்றேன்.

அவள் குழாய்க்கு மேலே மதிலில் பதித்திருந்த கல்லைக் கையால் காட்டினாள்.

அந்தக் கல்லைப் பற்றி நான் இதுவரை சொல்லவில்லை. எனக்கு அதைப் பிடிக்காது. கறுப்புக் கல், தங்க எழுத்து. தாய் தந்தையர் நினைவாக என்று மாமனார் மாமியார் பெயர். கீழே மச்சான் பெயர், அவர் மனைவி பெயர், இரண்டு பிள்ளைகளின் பெயர், மந்திரித்த சாமியார் பெயர். பந்தலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாட்களிலும் அதன் பிறகும் சாலையைக் கடந்து போய் அந்தக் கல்லின் முன் நின்று படிப்பேன். ஊருக்குப் பத்து வருஷம் தண்ணீர் கொடுத்தவன் பெயர் இதில் எங்கே என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வேன். மனப்பாடமாகத் தெரியும்.

"அம்மா நினைவான்னு போட்டிருக்கு" என்றாள். "மூணு வருஷம் அம்மாவுக்குப் பீ, மூத்திரம் அள்ளுனது யாரு? கடைசியா வாயில தண்ணி ஊத்துனது யாரு? அண்ணி பேரு இருக்கு. அவங்க எங்க அம்மாவோட பத்து நாள் சேந்தாப்பல இருந்ததில்ல. கல்லு வெட்டுனவன் கடைப் பேருகூட ஓரத்துல இருக்கு, பாருங்க."

இருந்தது. வலது கீழ் மூலையில், சின்ன எழுத்தில்.

"அண்ணன்ட்ட கேட்டியா?"

"கேட்டேன். கட்டிக்குடுத்த பொண்ணு பேரக் கல்லுல போடற வழக்கம் இல்லியேம்மான்னுச்சு. கோவமாச் சொல்லல. சிரிச்சுக்கிட்டே, பாசமாத்தான் சொல்லுச்சு. உடனே தோளத் தொட்டு, இத நீதாம்மா பாத்துக்கணும்னுச்சு. எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க. நானும் தலைய ஆட்டிட்டேன்."

"அப்படின்னா பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டியா?"

"பண்ணல. எனக்கு அது பாவமாத் தெரியல."

அவள் அண்ணனைப் பார்த்துச் சிரித்ததையெல்லாம் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அந்தச் சிரிப்புக்கு அடியில் என்னைவிடப் பெரிய நெருப்பை அவள் வைத்திருந்திருக்கிறாள். ஒரே சாலையின் இரண்டு பக்கமும் நின்று, ஒரே ஆள்மேல், இருவரும் தனித்தனியாக வெந்துகொண்டிருந்திருக்கிறோம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் அதிகாரம்கூட இருந்தது என்று நினைக்கிறேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள்.

"நீங்கதான் தெனம் அந்தக் கல்லு முன்னாடி நின்னு படிச்சீங்களே. உங்க கண்ணுக்குப் படலியா?"

என் பெயர் இல்லை என்று எத்தனை தடவை பார்த்திருப்பேன். அவள் பெயர் இல்லை என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பெயரைச் சேர்த்து வேறு கல் வெட்டச் சொல்லலாமா என்றேன். "கேட்டு வாங்கிப் போட்டுக்கறதுக்கு அது என்னத்துக்கு" என்றாள்.

மண்டபத்திலிருந்து கூட்டம் வெளியே வர ஆரம்பித்தது. ஒருவர் குழாயடிக்கு வந்து செருப்பைக் கழற்றினார். நான் வழக்கம்போல இது சாதாத் தண்ணி என்று ஆரம்பித்தேன். அவர் என்னைச் சட்டை செய்யவில்லை. என் மனைவி முன்னால் போனாள். குமிழை அவளே அமுக்கி, இரண்டு கையிலும் தண்ணீரைப் பிடித்து, அவர் முன்னாலேயே மடமடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "குடிக்கிற தண்ணிதாங்க. செருப்பப் போட்டுக்குங்க. எங்க அண்ணன் வச்ச குழாய், எங்க அம்மா நெனைவா வச்சது. நான் அவரு தங்கச்சி" என்றாள்.

அவர் தயங்கினார். பிறகு செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு, பையிலிருந்து பழைய பாட்டிலை எடுத்து நிரப்பினார்.

அடுத்தவருக்கும் அதையே சொன்னாள், அதற்கடுத்த அம்மாளுக்கும். பொழுது சாய்கிற வரைக்கும், எங்க அம்மா, நான் அவரு தங்கச்சி, என்று வார்த்தை மாறாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். குடித்துவிட்டு அவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். நீ யார் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.